முட்டுக்கட்டை மாமனார்

வாங்க மாப்ள, வாங்க. வண்டிய வேப்பமரத்து நெழல்லயே நிறுத்துங்க. நீங்க வர்றது எனக்கு ஊர் எல்லையிலயே தெரிஞ்சு போச்சுங்க. பஸ் நிக்கற எடத்துல ஒரு கீச்சு, ரேசன் கடை முக்குல ஒரு கீச்சு, நம்ம வாசல்ல வந்து நீட்டமா ஒரு கீச்சு. உங்க அத்தை அடுப்படியில இருந்து, "மயிலு எறங்கியிருக்குதாட்ட இருக்குது, ராயி காயப் போட்டிருக்கறேன், போய் முடுக்கி உடுங்க"ன்னா. நான்தான் சொன்னேன், "மயிலு இல்ல புள்ள, நம்ம மாப்ள"ன்னு.

மொதல்ல இந்த மோரைக் குடிங்க. பெங்களூர்ல இருந்து காளப்பநாயக்கன்பட்டி வாறதுன்னா சும்மாவா? ஓசூரு, கிருஷ்ணகிரி, தருமபுரி, தொப்பூரு, சேலம், ராசிபுரம், பேளுக்குறிச்சி. முப்பது வருசம் லாரி ஓட்டுனவன், அந்தத் தடத்துல எத்தனை டீக்கடைன்னு இன்னைக்கும் சொல்லுவனுங்க.

நாளைக்கு வெடியால கொல்லிமலைக்குப் போறம்னு புள்ளைங்க ரெண்டும் இப்பவே துண்டெடுத்து வெச்சிருக்குதுங்க. போலாங்க. அறப்பளீஸ்வரரைக் கும்புடலாம், ஆகாய கங்கையில நனையலாம், வாரப்ப அன்னாசிப்பழம் வாங்கியாரலாம். ஆனா நம்ம காரவள்ளியில ஆரம்பிச்சு சோளக்காடு போய்ச் சேர்றதுக்குள்ள 70 கொண்டை ஊசி வளைவு இருக்குதுங்க. ஏறையில இன்ஜினுக்குப் பரீட்சை, எறங்கையில பிரேக்குக்குப் பரீட்சை. உங்க பிரேக்கு ஊரெல்லாங் கேக்கறாப்பல, "எனக்குப் பாடம் வராதுங்க சாமி"ன்னு இப்பவே அழுதுக்கிட்டு வருது. அதைக் கொண்டுபோய்ப் பரீட்சையில உக்கார வெக்கறதா?

உள்ள எம் பொண்ணு சொன்னது காதுல உழுந்துதுங்க. "அப்பா எதுக்கெடுத்தாலும் முட்டுக்கட்டை போடுவாரு"ன்னு. அவ வையறதா நெனைக்கறா, எனக்கு அது பட்டங் குடுத்தாப்பல இருக்குது. தேர்நோம்பி பாத்திருக்கறீங்கல்ல? ஆயிரம் பேரு வடத்தைப் புடிச்சு இழுப்பாங்க. இழுக்கறவனுக்குத் தேரு எங்க போகுதுன்னு தெரியாது, கவுறு போற பக்கம் அவனும் போவான். சக்கரத்தோரமாக் குனிஞ்சுக்கிட்டு, கையில கட்டைய வெச்சுக்கிட்டு நாலு பேரு கூடவே ஓடுவாங்க பாருங்க, தேரு அவங்க கையிலதான் இருக்குது. அவங்க ஒருத்தன் அசந்தா சாமி செட்டியார் ஊட்டுத் திண்ணையில போய் உக்காந்துக்கும். திருவாரூர் ஆழித்தேரு 96 அடி ஒசரங்க. திருச்சி பெல் தொழிற்சாலைக்காரங்க அதுக்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் வெச்சுக் குடுத்தாங்க. அப்படியும் முட்டுக்கட்டைக்காரரு இல்லாம அது இன்னைக்கும் கெளம்பறதில்ல. நான் லாரியில கிளீனரா ஏறுன அன்னைக்கு ஓனர் என்ர கையில குடுத்ததும் சாவி இல்லீங்க, ஒரு கட்டைதான். மேட்டுல வண்டி நின்னா ஓடிப்போய்ப் பொறகால சக்கரத்துக்குக் கட்டை போடோணும். என்ர உத்தியோகமே முட்டுக்கட்டையிலதான் ஆரம்பம்.

சேரி, வண்டியப் பத்திப் பேசுவம். உங்க காரு எத்தனை ஓடியிருக்குதுங்க? 52,000 கிலோமீட்டரா? வாங்கி நாலு வருசம். இதுவரைக்கும் பேடு எத்தனை தடவை மாத்துனீங்க? ஏனுங்க மோரைப் பாத்துக்கிட்டு இருக்கறீங்க? மோருக்குள்ள பேடு இல்லீங்க.

உங்க வண்டிக்குள்ள நான் உக்காந்து பாத்தனே, அடேங்கப்பா! மண்டைக்கு மேல வானம் தெரியறதுக்கு ஒரு சன்னலு. மல்லியப்பூ வாசத்துக்கு ஒரு சீசா. சீட்டுக்குத் தோல் உறை, அந்த உறை அழுக்காகாம இருக்க மேல இன்னொரு உறை. முன்னால போறவன் ஒரசுனாப் படம் புடிக்க ஒரு கேமரா. ஒரசாம நிக்கறதுக்கு என்ன வெச்சிருக்கறீங்கன்னு கேட்டா மட்டும் மோரு நல்லாருக்குதுங்கறீங்க. போன சர்வீசுல அந்தப் பட்டறைக்காரன் "பேடு கொறைஞ்சிருக்குதுங்க"ன்னு சொன்னதுக்கு, "பில்லை ஏத்தறதுக்குச் சொல்றான்"னு நீங்க சிரிச்சுக்கிட்டே வந்துட்டீங்களாமா. எனக்கு எப்படித் தெரியுமா? நீங்களே போனவாரம் போன்ல பெருமையாச் சொன்னீங்களே.

பேடுங்கறது என்னன்னு நெனைச்சீங்க? சக்கரத்தோட சேந்து ஒரு இரும்பு வட்டு சுத்துது, அது டிஸ்க்கு. அதுக்கு இந்தப் பக்கம் ஒரு பேடு, அந்தப் பக்கம் ஒரு பேடு. நீங்க பெடல்ல காலை வெச்சா, காலிப்பருக்குள்ள இருக்கற பிஸ்டன் ரெண்டு பேடையும் நெருக்கி, இடுக்கியில சட்டியப் புடிக்கறாப்பல வட்டைப் புடிச்சு நிறுத்துது. புடிச்சா ஒரசும், ஒரசுனாச் சூடாகும், சூடானாத் தேயும். அது தேயறதுக்குன்னே பொறந்த பொருளுங்க. மாட்டுக்கு லாடம் எதுக்கு அடிக்கறம்? குளம்பு தேயக்கூடாதுன்னு லாடம் தேயுது. லாடம் தேஞ்சு போச்சேன்னு எந்தச் சம்சாரியும் அழுதது இல்லீங்க. ஆனா தேஞ்ச லாடத்தோட மாட்டைக் கல்லு ரோட்டுல ஓட்டுனவனை ஊரே காறித் துப்பும்.

இந்தக் கதைய என்ர பேத்தி படிச்சுக் காட்டுனா, கேளுங்க. 1888-ல ஜெர்மனியில பெர்த்தா பென்ஸ்னு ஒரு அம்மா. காரைக் கண்டுபுடிச்சவரோட பொஞ்சாதி. ஒரு நா வெடியால, புருசன்கிட்டச் சொல்லாமலே, ரெண்டு பசங்களையும் ஏத்திக்கிட்டு, மன்ஹைம்ல இருந்து போர்ட்ஸ்ஹைமுக்கு, அதாவது பொறந்த ஊட்டுக்கு, வண்டிய எடுத்துட்டுப் போயிட்டா. நூறு கிலோமீட்டருக்கு மேல. எறக்கத்துல மரக்கட்டைப் பிரேக்கு தேஞ்சு போச்சு. அந்தம்மா என்ன பண்ணுனா? பாட்டு சத்தத்தைக் கூட்டி வெச்சாளா? வழியில ஒரு செருப்புத் தைக்கறவரைப் பாத்து, பிரேக்குக் கட்டையில தோலை வெச்சு ஆணி அடிக்கச் சொன்னா. காருக்கு வந்த மொத பிரேக்கு லைனிங் அதுதான்னு சொல்றாங்க. வண்டி செஞ்ச மனுசனுக்குத் தோணாதது, எறக்கத்துல எறங்குனவளுக்குத் தோணிச்சு. கொஞ்ச வருசங் கழிச்சு இங்கிலாந்துல ஹெர்பர்ட் ஃப்ரூட்னு ஒருத்தரு, குதிரை வண்டிக்காரங்க பிரேக்குக் கட்டையில பழைய பூட்சைச் சொருகி எறக்கத்துல எறங்கறதைப் பாத்துட்டு, அதுல இருந்தே பிரேக்கு லைனிங் தொழிலை ஆரம்பிச்சாரு. ஃபெரோடோன்னு பேரு, இன்னைக்கும் அந்தப் பேர்ல பேடு வருது. பழைய செருப்பு சாதாரணம் இல்லீங்க மாப்ள! இதைச் சொல்லையில ஏன் எனக்கு இத்தனை சந்தோசம்னு கேக்காதீங்க.

இப்ப உங்க மயிலு சத்தத்துக்கு வாறேன். அந்தக் கீச்சு வேணும்னே வெச்சு உட்டதுங்க. நெறையப் பேடுல ஓரத்துல ஒரு சின்னத் தகடு இருக்கும். பேடு தேஞ்சு ரெண்டு மூணு மில்லிமீட்டருக்கு வாரப்ப, அந்தத் தகடு வட்டுல தொட்டு, "ஐயா, என்ர கதை முடியப் போகுதுங்க"ன்னு கத்தும். செல காருல தகடுக்குப் பதிலா ஒயரு வெச்சு, முன்னால வெளக்கு எரிய உட்டிருப்பாங்க. கத்தறதுக்குன்னே ஒரு ஆளை சம்பளம் போட்டு வெச்சிருக்குது. நீங்க என்னடான்னா அது கத்தக் கத்தப் பாட்டைக் கூட்டியிருக்கறீங்க. ஊட்டுக்காரி கூப்புடையில டிவி சத்தத்தைக் கூட்டறாப்பல. ரெண்டும் ஒரு நா கணக்குத் தீக்கும்.

அதுக்காகக் கீச்சுன்னு சத்தம் வந்தாலே பேடு போச்சுன்னு ஓடிறாதீங்க. ராத்திரி மழை பேஞ்சு, வெடியால வண்டிய எடுத்தா வட்டு மேல மெல்லிசாத் துரு புடிச்சிருக்கும். நாலு தடவ பிரேக்கு போட்டாத் துடைச்சுக்கிட்டுப் போயிரும், சத்தமும் நின்னுரும். ஒரு பொடிக்கல்லு மாட்டியிருந்தாலும் கத்தும். சூடேறிப் பேடோட மொகம் கண்ணாடியாட்டம் மழுங்கிப் போனாலும் கத்தும். அப்பறம் இன்னொண்ணு, தகடு எல்லாப் பேடுலயும் இருக்காது. அதனால சத்தம் வரலைன்னா பேடு நல்லாருக்குதுன்னும் நெனைக்கப்படாது. கத்தற சீக்காளி பரவால்லீங்க, பேசாமப் படுத்துக்கறவனைத்தான் பாத்துக்கிட்டே இருக்கோணும்.

ஆனா கீச்சு போய்க் 'கரகர'ன்னு வந்துச்சுன்னா, பெரும்பாலும் அதுக்கு ஒரே அர்த்தந்தான். பேடுல ஒரசித் தேயற மருந்து தீந்து போய், பின்னால இருக்கற இரும்புத் தகடு இரும்பு வட்டைக் கறம்பிக்கிட்டு இருக்குது. அன்னைக்கு வண்டி நிக்கறதுக்குத் தூரம் எச்சாகும், வட்டுல கோடு கோடா ஏரு உழுதாப்பல ஆயிரும். பேடு மாத்தற காசுல முடிய வேண்டியது, வட்டும் சேத்து மாத்தறதுல போய் நிக்கும். லாடத்துக்கு யோசிச்சவன் மாட்டையே மாத்தற கதை. அந்த வட்டுக்கும் ஒரு கணக்கு இருக்குதுங்க. இதுக்குக் கீழ தேயப்படாதுன்னு அதுலயே அளவு பொறிச்சிருக்கும். மெக்கானிக்கு வட்டைக் கடைஞ்சு தாறேன்னா, கடைஞ்சதுக்கு அப்பறம் அந்த அளவுக்கு மேல நிக்குமான்னு கேளுங்க.

எப்பப் பாக்கோணும்னு கேக்கறீங்க. நல்ல கேள்வி, நாலு வருசங் கழிச்சு வந்தாலும் நல்ல கேள்விதான். 10,000 கிலோமீட்டருக்கு ஒருக்கா, இல்லாட்டி வருசத்துக்கு ஒருக்கா, எது முந்துதோ அப்பச் சக்கரத்தைக் கழட்டிப் பாக்கோணும். புதுப் பேடுல மருந்து மட்டும் 10, 12 மில்லிமீட்டரு இருக்கும். 4-க்கு வந்தாக் காசெடுத்து வெச்சுக்கோங்க. 3-க்கு வந்தா மாத்திருங்க. ரெண்டுக்குப் போக உடாதீங்க. அளக்கறதுக்குக் கருவி இல்லையா? சோப்புல ரெண்டு ஒத்த ரூவாக் காசு இருக்குமில்ல, ஒண்ணு மேல ஒண்ணு வெச்சாக் கிட்டத்தட்ட மூணு மில்லிமீட்டரு. சோப்புன்னா குளிக்கற சோப்பு இல்லீங்க, அங்கராக்கு சோப்பு, உங்க பாசையில பாக்கெட்டு. பேடு மருந்து அந்த ரெண்டு காசு கனத்துக்கு வந்துச்சுன்னா, மூவாயிரம் செலவு பண்ற நேரம் வந்துச்சுன்னு அர்த்தம்.

"எத்தனை கிலோமீட்டரு வரும்?"னு கேட்டா நான் ஒத்தைக் கணக்குச் சொல்ல மாட்டேன். ஒருத்தருக்கு 30,000, இன்னொருத்தருக்கு 60,000. ஒரே மாட்டுக்கு ஒழவு ஓட்டுனா ஒரு லாடக் கணக்கு, சந்தைக்குப் பாரம் இழுத்தா ஒரு லாடக் கணக்கு. ஊரு, பாரம், மலை, காலு, இந்த நாலும்தான் பேடைத் திங்குது. பெங்களூரு நெரிசல்ல பத்தடிக்கு ஒருக்கா நீங்க பிரேக்கை மிதிக்கறீங்க. போதாததுக்கு உங்களுது கியர் போடாத வண்டி, ஆட்டோமேட்டிக்கு. காலை எடுத்தா அதுபாட்டுக்கு ஊர்ந்து போகும், அதைப் புடிச்சு நிறுத்தறதும் பிரேக்குதான். நாலு வகையில கடைசி வகைதான் மோசம். செல பேரு காலை பெடல் மேலயே வெச்சிருப்பாங்க, மாமனார் ஊட்டு ஊஞ்சல்ல காலு வெச்சாப்பல. முன்னால எதுவும் இருக்காது, பொறகால பிரேக்கு வெளக்கு செகப்பா எரிஞ்சுக்கிட்டே போகும். யாரைச் சொல்றேன்னு கேக்காதீங்க, நானும் பேரைச் சொல்லல.

முன் சக்கரத்துப் பேடுதான் சீக்கிரம் தேயும். பிரேக்கு போட்டா வண்டியோட பாரமெல்லாம் முன்னால சாயுது, நிறுத்தற வேலையில பெரும் பங்கு முன்னாலதான். பொறகால உங்க வண்டிக்கு டிரம்மு, உள்ள ஷூ இருக்கும். அது மெதுவாத் தேயும்கறதுக்காக மறந்துறப்படாது. ஹேண்ட் பிரேக்கு முன்னைக்கு இப்ப எச்சா மேல வருதுன்னா டிரம்மைத் தொறந்து பாக்கச் சொல்லுங்க. உங்க தம்பி கரண்டு காரு வாங்கியிருக்கறாப்ல, அதுல மோட்டாரே வண்டியப் புடிச்சு நிறுத்துது, பேடு ரொம்ப நாளைக்கு வரும். ஆனா வேலையில்லாத வட்டுல துரு ஏறும், அதையும் பாக்கச் சொல்லுங்க. சும்மா இருந்தாலும் கெட்டுத்தான் போகுதுங்க, நான் சோப்புல கையை உட்டுக்கிட்டு உக்காந்திருக்கறதைப் பாத்தா உங்களுக்கே தெரியும்.

காதுக்கு மட்டுமில்ல, காலுக்கும் பிரேக்கு சேதி சொல்லும். பெடலை மிதிச்சாக் காலுக்கடியில துள்ளுதா, ஸ்டீரிங்கு கையில ஒதறுதா? வட்டு சமமா இல்ல. வண்டி ஒரு பக்கமா இழுக்குதா? ஒரு பக்கத்துக் காலிப்பரு மாட்டிக்கிட்டு நிக்குது, இல்லாட்டி பேடு ஒரு பக்கம் மட்டும் தேஞ்சிருக்குது. ஓட்டிட்டு வந்து நிறுத்துனப்பறம் ஒரு சக்கரம் மட்டும் அனலடிக்குதா? அங்க பேடு வட்டை உடாமப் புடிச்சுக்கிட்டு இருக்குது. கையைக் கிட்டத்துல கொண்டுபோனாப் போதும், தொட்டுப் பாக்காதீங்க, அப்பறம் சோறு ஊட்டி உடச் சொல்லுவீங்க. பெடலு மெத்தையாட்டம் பொதபொதன்னு எறங்குதா? கொழாயில காத்துப் புகுந்திருக்குது, இல்ல ஆயில் கெட்டிருக்குது. அந்த நெலமையில வண்டிய ஊட்டுக்குக்கூட ஓட்டப்படாது, பட்டறைக்காரனை வரச் சொல்லோணும்.

அந்தப் பிரேக்கு ஆயில் இருக்குதே, அது உப்புச் சாடியாட்டம். மூடியே வெச்சிருந்தாலும் ஈரத்தை இழுத்துக்கும். டப்பாவுல டாட் 3, டாட் 4-ன்னு போட்டிருக்கும். டாட் 4 புதுசுல 230 டிகிரி வரைக்குமாவது கொதிக்காமத் தாங்கோணும். ஈரம் ஏறிட்டா அதுக்கு 155 டிகிரி தாங்குனாப் போதும்கறது கணக்கு. மலை எறக்கத்துல காலிப்பரு கொதிக்கையில ஆயிலும் கொதிச்சா உள்ள ஆவி புடிச்சுக்கும். ஆவியை அமுக்குனா அமுங்கும், பிரேக்கு புடிக்காது. அதனால ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா ஆயில மாத்திருங்க. டப்பாவுல ஆயில் கொறையுதுன்னு ஊத்திக்கிட்டே இருக்கறதும் தப்பு. பேடு தேயத் தேய ஆயில் கீழ எறங்கும், அது உங்களுக்குப் பேடு சொல்லி அனுப்பற கடுதாசி. பேடும் நல்லாருந்து ஆயிலும் கொறைஞ்சா எங்கியோ ஒழுகுது. எதைச் செஞ்சாலும் அதுல இன்ஜின் ஆயில மட்டும் ஊத்திறாதீங்க, ரப்பரெல்லாம் ஊதிப்போய் மொத்தமும் நாசம்.

இத்தனையும் தெரிஞ்ச நான் ஒருக்கா என்ன பண்ணுனேன்னு சொல்லட்டுங்களா? அப்ப எனக்கு இருபத்தேழு வயசு, உங்களாட்டமே எல்லாம் தெரிஞ்ச வயசு. தாவணகெரேயில இருந்து நம்மூர்க் கோழிப்பண்ணைக்கு மக்காச்சோளம் ஏத்திக்கிட்டு வாறேன். தொப்பூரு எறக்கம். டீசல் மிச்சம் புடிச்சா ஓனர் மெச்சுவாருன்னு கியரை நியூட்ரல்ல தள்ளி உட்டேன். மொத ரெண்டு வளைவு பறக்கறாப்பல இருந்துச்சு. மூணாவதுல பிரேக்கு போட்டா, வண்டி என்னைக் கேக்குது, "ஆருங்க நீங்க?"ன்னு. டிரம்முல இருந்து பொகை, கருகுன நாத்தம். வேகம் ரெண்டு மடங்கானா அதை நிறுத்தறதுக்குப் பிரேக்கு முழுங்க வேண்டிய சூடு நாலு மடங்குன்னு எனக்கு அப்பத் தெரியாதுங்க, டிரம்முக்குத் தெரிஞ்சிருந்துச்சு. கியரும் உழுவலை. மலைப்பக்கத்து மண்மேட்டுல வண்டிய ஒரசி ஒரசி, கடைசியில சாக்கடையில எறக்கி நிறுத்துனேன். ஒரு உசுருக்கும் சேதமில்ல, மாரியாத்தா புண்ணியம். மூட்டை பாதி பிரிஞ்சு தொப்பூருக் கொரங்குங்களுக்கெல்லாம் அன்னைக்கு விருந்து. நான் மிச்சம் புடிச்ச டீசலு ஒரு லிட்டரு இருக்கும். ஓனர் மெச்சுன மெச்சை உங்க அத்தை முன்னால சொல்ல முடியாதுங்க.

அதனால சொல்றேன். நீங்க இன்னைக்கு அதே தொப்பூரைக் காலு எடுக்காமப் பிரேக்குலயே எறங்கிட்டு வந்திருக்கறீங்க. வண்டிக்குக் கிட்டப் போனதும் எனக்கு அந்தப் பழைய வாசம் அடிச்சுதுங்க. நாளைக்கு கொல்லிமலையில எறங்கையில, ஏறுறதுக்கு எந்தக் கியரு வேணுமோ அதே கியர்லதான் எறங்கோணும். உங்க வண்டியில டி மட்டும் போட்டுட்டு உக்காந்திராம, 'L'-ஓ '2'-ஓ, மைனஸ் குறியோ, எது குடுத்திருக்குதோ அதைப் போட்டு இன்ஜினையே வண்டியப் புடிக்கச் சொல்லுங்க. பிரேக்கை அமுக்கி வேகத்தைக் கொறைங்க, அப்பறம் உட்ருங்க. மறுபடி அமுக்குங்க, உடுங்க. தடவிக்கிட்டே வராதீங்க. நியூட்ரலும் வேண்டாம், சாவிய அணைக்கறதும் வேண்டாம். இன்ஜினு நின்னா ரெண்டு மூணு மிதிக்கு அப்பறம் பெடலு கல்லாட்டம் எறுகிப் போகும், ஸ்டீரிங்கும் கனத்துப் போகும். கருகுன வாசம் வந்தா ஓரமா நிறுத்தி அரைமணி நேரம் மலையப் பாருங்க. சூடான வட்டு மேல தண்ணி ஊத்திறாதீங்க, விரிசல் உடும். கீழ இருந்து ஏறி வாறவனுக்கு வழி உடுங்க, மலையில அவனுக்குத்தான் மொத மரியாதை.

ஆனா அதெல்லாம் நாளைக்கு. இன்னைக்குப் பொழுது எறங்கறதுக்குள்ள நம்ம பட்டறைக்காரத் தம்பிகிட்டப் போறம். அங்க போய் "பாத்துச் செய்யுங்க"ன்னு சொல்லிட்டுப் போனைப் பாக்காதீங்க. கிட்டயே நில்லுங்க. ஒரு பக்கம் மட்டும் மாத்துனாப் போதும்னு நீங்க சொல்லுவீங்க, எனக்குத் தெரியும். ஆகாதுங்க. முன் சக்கரம் ரெண்டுக்கும் சேத்து நாலு பேடும் ஒண்ணா மாத்தோணும், இல்லாட்டி வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஒரு கால்ல செருப்பு, ஒரு கால்ல பூட்சு போட்டு நடந்தா எப்படி இருக்கும்? வெலை கம்மின்னு பேரு தெரியாத பேடை வாங்காதீங்க. காலிப்பரு நகர்ற பின்னைக் கழட்டித் தொடைச்சு, அதுக்குன்னு இருக்கற சூடு தாங்கற கிரீசைப் போடச் சொல்லுங்க. கிரீசு பேடு மொகத்துல ஒரு பொட்டு படப்படாது. சக்கரத்துல இருக்கற கருந்தூளைக் காத்தடிச்சு ஊத உடாதீங்க, நெஞ்சுக்கு ஆகாது. எங்க காலத்து லைனிங்குல கல்நார் கலந்திருக்கும், அதைப் பூராவும் மூக்குல இழுத்துத்தான் நாங்க வேலை படிச்சோம். கழட்டுன பழைய பேடைக் கையில வாங்கிப் பாருங்க. உள் பேடு, வெளிப் பேடு ரெண்டும் ஒரே கனமா இருக்குதான்னு பாத்தாப் பாதி உண்மை தெரிஞ்சு போகும்.

மாத்தி முடிச்சதும் ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க. புதுப் பேடு போட்டா பிஸ்டனைப் பின்னால தள்ளியிருப்பாங்க. பெடலை நாலஞ்சு தடவ மிதிச்சுக் கெட்டியான பொறகுதான் வண்டிய நகத்தோணும். அதை மறந்துட்டு வெளிய எடுத்தவன் மொத மிதியில பெடலு தரையைத் தொட, நேராப் பட்டறைக்காரனோட டீ கிளாசை இடிச்ச கதையெல்லாம் இருக்குது. அப்பறம் மொத 200, 300 கிலோமீட்டருக்குச் சடார்னு மிதிக்காம, நெதானமாப் புடிச்சுப் புடிச்சு ஓட்டோணும். புதுப் பேடும் பழைய வட்டும் ஒண்ணுக்கொண்ணு மொகம் பழகோணுமில்ல? நீங்க கல்யாணமான புதுசுல இந்த ஊட்டுக்கு வந்து மூணு நாளைக்கு இட்லி போதுமுங்க, போதுமுங்கன்னு சொல்லிக்கிட்டு இருந்தீங்களே, அதேதான். நாலாவது நாளு நாங்க சட்டிய ஒளிச்சு வெச்சது வேற விசயம்.

அப்ப நாளைக்கு மலை? அதாங்க சொல்ல வந்தேன். புதுப் பேடோட மொத நாளே 70 வளைவு எறங்கறது நாயமில்ல. நாளைக்குப் பொழுதன்னைக்கும் நாமக்கல் போவம். ஆஞ்சநேயரைக் கும்புட்டுட்டு, மோகனூர்ல காவேரியில கால நனைச்சுட்டு, வளைஞ்சு வளைஞ்சு ஊரெல்லாம் சுத்திப் பேடைப் பழக்குவம். மறுநாளும் சுத்துவம். மூணாம் நா வெடியால மலைக்குப் போவம். புள்ளைங்க மூஞ்சியத் தூக்குனா என்ர பேரைச் சொல்லிருங்க, முட்டுக்கட்டைப் பட்டம் எனக்கு ஏற்கெனவே இருக்குது.

என்ன மாப்ள, ரொம்ப நேரமா என்ர செருப்பையே பாக்கறீங்க? ஆமாங்க, சோத்தாங்கால் செருப்புதான், குதிங்கால் பக்கம் மட்டும் தேஞ்சு ஓட்டை உழுந்திருக்குது. நடை அப்படி. இல்லீங்க, நடைதான்... புள்ள, நீ செத்த சும்மா இரு, பெரியவங்க பேசிக்கிட்டு இருக்கையில... சேரி, சொல்லித் தொலைச்சுட்டா. என்ர டிவிஎஸ்ல பிரேக்கு புடிச்சு ஆறு மாசம் ஆச்சுங்க. ஊருக்குள்ளதானே போறம், கேபிளு இன்னைக்கு மாத்துவம் நாளைக்கு மாத்துவம்னு... காலை ஊனுனா நிக்குது. அந்த ஜெர்மனிக்காரம்மா தோலு வெச்சா, நான் ரப்பரு வெச்சிருக்கறேன். எதுக்கு இப்படிச் சிரிக்கறீங்க? மோரு பொரை ஏறிக்கப் போகுது.

சேரி, கெளம்புங்க. பட்டறைக்காரத் தம்பி ரெண்டு வண்டியவும் ஒண்ணாப் பாத்துறட்டும். நீங்க காரை முன்னால எடுங்க, நான் பொறகாலயே வாறேன். ஒண்ணே ஒண்ணு, வழியில கோழி எதாச்சும் குறுக்க வந்தா மெதுவாவே நிறுத்துங்க மாப்ள. எனக்குச் செருப்பு தேயற தூரம் வேணும்.